நிறுவனங்களின் சுதாரிப்பும் செயற்கை நுண்ணறிவும்: தாமிரபரணிப் படுகையை முன்வைத்து

வெளியே நிலைமை மாறியதற்கும் உள்ளே செயல் மாறியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் கழிகிறது என்பதைக் கொண்டு ஒரு நிறுவனத்தின் சுதாரிப்பை அளக்கலாம். அந்த நேரத்தில் மூன்று பகுதிகள் உண்டு. நடப்பதை அறிந்துகொள்வது முதல் பகுதி, என்ன செய்வது என்று முடிவெடுப்பது இரண்டாவது, எடுத்த முடிவை நிறைவேற்றுவது மூன்றாவது. செயற்கை நுண்ணறிவு முதல் பகுதியை நம்ப முடியாத அளவுக்குச் சுருக்கிவிட்டது. மூன்றாவதைச் சில தொழில்களில் ஓரளவு சுருக்குகிறது. இரண்டாவது பகுதி பெரும்பாலும் பழைய நீளத்திலேயே கிடக்கிறது. சில இடங்களில் முன்னைவிட நீண்டும்போகிறது. இந்தத் தொழில்நுட்பத்தால் நிறுவனங்கள் சுறுசுறுப்படையும் என்ற பேச்சில் அடிக்கடி விடுபட்டுப்போவது இந்த இரண்டாவது பகுதிதான்.

மேலாண்மைத் துறையில் சுதாரிப்பு என்ற கருத்துக்கு நீண்ட வரலாறு இல்லை. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அயக்கோக்கா நிறுவனம் 1991இல் உற்பத்தித் தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கையோடு அது பரவத் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்து ஸ்னோபேர்டில் கூடிய 17 மென்பொருள் வல்லுநர்கள் எழுதிய ‘அஜைல்’ அறிக்கை அதை மென்பொருள் உலகின் அன்றாடச் சொல்லாக்கியது. ஆனால் ஆழமான அடித்தளம் அதற்கும் முன்பே போடப்பட்டிருந்தது. ஹெர்பர்ட் சைமன் 1947இல் நிர்வாக அமைப்புகளில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று ஒரு நூல் எழுதினார். அதே சைமன்தான் 1956இல் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா ஆகியோருடன் சேர்ந்து, செயற்கை நுண்ணறிவின் முதல் நிரல்களுள் ஒன்றான ‘லாஜிக் தியரிஸ்ட்’டை உருவாக்கினார், 1978இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். தகவல் பெருகும் இடத்தில் கவனம் பற்றாக்குறையாகும் என்று 1971இலேயே அவர் எச்சரித்தார். செயற்கை நுண்ணறிவைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரே அதன் நிர்வாகச் சிக்கலையும் முன்கூட்டிக் கண்டிருந்தார் என்பது, இன்று அந்தக் கருவிகளை விற்பவர்கள் அதிகம் நினைவுகூராத செய்தி.

இவற்றையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தாமிரபரணிப் படுகை வசதியான இடம். பொதிகையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடல் சேரும் 128 கிலோமீட்டர் ஆற்றையும் அதன் துணையாறுகளையும் ஒட்டி, மூன்று வெவ்வேறு இயல்புள்ள அமைப்புகள் இயங்குகின்றன. நீரையும் வெள்ளத்தையும் கையாளும் அரசு நிர்வாகம் ஒன்று. செங்கோட்டைக் கணவாய்க் காற்றை நம்பி நிற்கும் காற்றாலை மின்தொழில் மற்றொன்று. சிற்றாற்றுப் படுகையில் மத்தளம்பாறையில் இயங்கும் மென்பொருள் நிறுவனம் மூன்றாவது. மூன்றிலும் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருக்கிறது. விளைவு மட்டும் மூன்றிலும் ஒன்றுபோல் இல்லை.

வெள்ளத்திலிருந்து தொடங்கலாம். 2023 டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை. குமரிக் கடல் பகுதியில் நிலைகொண்ட வளிமண்டலச் சுழற்சியால் அன்று தொடங்கிய மழை, மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டராகவும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டராகவும் பதிவானது. அந்தப் பகுதியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் ஓடியது. குளக்கரைகள் உடைந்தன, ஏரல், ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பகுதிகள் தீவுகளாயின. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அறுந்தன. அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. மாநில நிர்வாகத்தின் கண்ணும் கையும் வடக்கே இருந்த நேரம் அது.

அதற்குப் பின் எழுந்த சர்ச்சை, வெள்ளத்தைவிடவும் இந்தப் பொருளுக்கு நெருக்கமானது. ஐந்து நாள்களுக்கு முன்பே, 12ஆம் தேதியே வானிலை மையம் எச்சரித்துவிட்டது என்றார் மத்திய நிதியமைச்சர். சிவப்பு எச்சரிக்கை 17ஆம் தேதிதான் வந்தது, இவ்வளவு மழை பெய்யும் என்று அதிலும் சொல்லப்படவில்லை என்றது மாநில அரசு. இரண்டு கூற்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க இடமுண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டும் மழை ‘அதிகனமழை’. அதற்கு மேல் வேறு வகை கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் நிறம் ஒன்றுதான். எச்சரிக்கை சரியாகவே இருந்தாலும், அதை வாங்கும் வட்டாட்சியருக்கு எத்தனை படகு வேண்டும், எந்தத் தெருவைக் காலி செய்ய வேண்டும் என்பதற்கு அதில் விடை இருக்காது. அறிதல் என்ற முதல் பகுதி முடிந்ததுபோல் தோன்றும். ஆனால் முடிவெடுக்கத் தேவையான வடிவத்தில் அறிவு வந்து சேர்ந்திருக்காது.

இந்த இடைவெளியில்தான் செயற்கை நுண்ணறிவு பெரிய வாக்குறுதியோடு வந்திருக்கிறது. ஹுவாவே நிறுவனத்தின் ‘பாங்கு’ வானிலை மாதிரியும் டீப்மைண்டின் ‘கிராஃப்காஸ்ட்’ மாதிரியும் 2023இல் வெளியாயின. வழக்கமான இயற்பியல் சமன்பாட்டு மாதிரிகளைப் பெரிய மீக்கணினியில் மணிக்கணக்கில் ஓட்டிப் பெற வேண்டியிருந்த பத்து நாள் முன்கணிப்பை, கிராஃப்காஸ்ட் ஒரே சிப்பில் ஒரு நிமிடத்துக்குள் தருகிறது. நடுத்தரக் கால முன்கணிப்புக்கான ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரி 25 முதல் தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பணியிலேயே சேர்த்துக்கொண்டது. கூகுள் 2018இல் பாட்னாவில் தொடங்கிய வெள்ள எச்சரிக்கை முயற்சி இன்று பல நாடுகளில் இயங்குகிறது. அளவுமானி இல்லாத ஆற்றுப் படுகைகளிலும் ஐந்து நாள் முன்பே எச்சரிக்கை தர முடியும் என்று அந்தக் குழு 2024இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியது.

வேகம் மெய், நுணுக்கம் இன்னும் வந்து சேரவில்லை. இந்த மாதிரிகளில் முதலில் வந்தவை 1979க்குப் பிந்தைய உலக வானிலைப் பதிவுகளை, கால் பாகை கட்டங்களாகப் பிரித்துக் கற்றவை. கால் பாகை என்றால் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். பொதிகை உச்சியிலிருந்து கடல் வரை தாமிரபரணியின் முழுப் போக்கும் அப்படிப்பட்ட மூன்று நான்கு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். மலைமேலுள்ள நாலுமுக்கும் ஊத்தும் வாங்கும் மழையில் சிறு பங்குதான் பாளையங்கோட்டைக்குக் கிடைக்கிறது என்பது உள்ளூரில் எல்லாருக்கும் தெரியும். மலையையும் அடிவாரத்தையும் ஒரே கட்டத்துக்குள் அடக்கிச் சராசரியாக்கும் மாதிரிக்கு அது தெரியாது. கடந்ததைப் படித்துக் கற்கும் முறைகள் கடந்ததில் இல்லாத உச்சத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும். காயல்பட்டினத்தின் 95 சென்டிமீட்டர் அப்படிப்பட்ட உச்சம். சிறிய கட்டங்களைக் கொண்ட பிராந்திய மாதிரிகளும், மலைமேல் தானியங்கி மழைமானிகளும் கூடக்கூட இந்தக் குறை சுருங்கும். அந்த முன்னேற்றம் நடந்துகொண்டிருக்கிறது, நிற்காது என்றும் நம்பலாம்.

ஆனால் குறையே இல்லாத முன்கணிப்பு நாளைக்கே வந்தாலும் ஆற்றங்கரையில் ஒரு கேள்வி மிஞ்சும்: மதகைத் திறக்கச் சொல்வது யார்?

பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணையின் மட்டம் 118 அடி. பாபநாசத்தில் 1944 முதல் நீர்மின் நிலையம் ஓடுகிறது. ஆகவே அங்குள்ள நீர் மின்வாரியத்துக்கும் வேண்டும். ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றின் கால்வாய்களும் குளங்களும் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. அந்தப் பொறுப்பு நீர்வளத் துறையுடையது. கரையோர மக்களின் பாதுகாப்பு மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. அந்த ஆட்சியரும் ஒருவர் இல்லை. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த பிறகு, ஒரு காலத்தில் ஒரே ஆட்சியரின் கீழ் இருந்த படுகை இப்போது மூன்று ஆட்சியர்களின் கீழ் இருக்கிறது. மாவட்டப் பிரிப்பால் மனு கொடுக்க வருகிறவரின் பேருந்துக் கட்டணம் குறைந்தது என்பது உண்மை. வெள்ளத்தன்று நடக்க வேண்டிய தொலைபேசி உரையாடல்களின் எண்ணிக்கை கூடியது என்பதும் உண்மை.

அணையைப் பொறுத்தவரை இழப்புகளின் கணக்கு வேறு விதமானது. வடகிழக்குப் பருவமழையில் அணை நிறைந்தால்தான் மாசி வரை பிசானப் பயிரைக் காப்பாற்ற முடியும். மழை வரும் என்று நம்பி முன்கூட்டி நீரை வெளியேற்றி, மழை ஏமாற்றிவிட்டால், காய்ந்த வயலைக் காட்டிக் கேள்வி கேட்க ஆயிரக்கணக்கான விவசாயிகள் இருப்பார்கள். வெளியேற்றாமல் இருந்து வெள்ளம் வந்தால், இயற்கைச் சீற்றம் என்று சொல்லித் தப்ப வழியுண்டு. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை, எவ்வளவு நல்ல முன்கணிப்பு கையில் இருந்தாலும் பொறியாளர் காத்திருப்பதையே தேர்ந்தெடுப்பார். அது கோழைத்தனம் ஆகாது. அவரை அமர்த்தியிருக்கும் விதிகளுக்கு அதுவே நியாயமான நடத்தை. அதோடு, முன்கூட்டித் திறப்பது எல்லாவற்றுக்கும் மருந்தும் இல்லை. 2023இல் பெருமழை பெய்த காயல்பட்டினமும் திருச்செந்தூரும் எல்லா அணைகளுக்கும் கீழே, கடலோரத்தில் இருப்பவை.

இந்த முடிச்சை வேறு இடங்களில் அவிழ்த்த விதம் கவனிக்கத்தக்கது. கலிஃபோர்னியாவின் மெண்டசினோ ஏரியில், நாள்காட்டியை வைத்து நீரைத் திறந்துவிடும் பழைய விதியைத் தளர்த்தி, முன்கணிப்பைக் கொண்டு நீர்மட்டத்தை முடிவு செய்யும் முறை சோதிக்கப்பட்டது. 2020இன் வறண்ட குளிர்காலத்தில் அந்த முறையால் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நீர் ஏரியில் மிஞ்சியது. வங்கதேசத்தில் 2020 ஜூலையில் ஜமுனா ஆற்று முன்கணிப்பு, முன்பே ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டியதும், வெள்ளம் வருவதற்கு முன்னரே கரையோரக் குடும்பங்களுக்கு உதவித்தொகை போகும்படி ஐ.நா. அவசர நிதி விடுவிக்கப்பட்டது. இரண்டிலும் புதுமை கணினியில் மட்டும் இல்லை. இந்த எண் இந்த அளவைத் தாண்டினால் இன்னார் இன்னது செய்வார் என்று, மழை இல்லாத நாள்களில் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார்கள். முடிவெடுக்கும் நேரத்தை அவர்கள் நெருக்கடிக்கு முன்னாலேயே செலவழித்துவிட்டார்கள். முன்கணிப்பை மலிவாக்கியதன் மூலம் செயற்கை நுண்ணறிவு இந்த வகை ஒப்பந்தத்துக்கு உதவுகிறது. ஒரே நிலைமைக்கு ஐம்பது மாற்றுக் கணிப்புகளைச் சில நிமிடங்களில் ஓட்டிப் பார்த்து, ‘நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு’ என்று சொல்ல முடிவதால், எல்லை எண்ணை எங்கே வைப்பது என்பதைப் பேரம் பேசித் தீர்மானிக்க முடிகிறது.

சுதாரிப்பின் இன்னொரு முனை களத்தில் நிற்கும் ஆள். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அடுத்திருந்த பாதையில் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. பயணிகளில் பெரும்பகுதியினர் 19ஆம் தேதிதான் மீட்கப்பட்டார்கள். ஆனால் உயிரோடு மீட்கப்பட்டார்கள். ஆபத்து என்றால் சிறிய நிலையத்தின் அதிகாரிகூட ரயிலை நிறுத்திவைக்கலாம் என்பதை ரயில்வே விதிகள் பல தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்து வைத்துவிட்டன. அந்த அதிகாரம் அங்கே இருந்ததால்தான் செய்தி செயலாயிற்று. பழைய பாசன முறையில் நீர்க்கட்டி என்ற ஊர்ப் பணியாளருக்கும் இதே வகையான அதிகாரம் இருந்தது. எந்த மடையை எப்போது திறப்பது என்று அவர் மேலிடத்தைக் கேட்கவில்லை. ஊர் அவருக்குக் களத்தில் நெல் அளந்தது, தவறினால் ஊரே கேட்டது.

செயற்கை நுண்ணறிவு இந்த முனையை வலுப்படுத்தவும் முடியும், பிடுங்கவும் முடியும். ஒவ்வொரு குளத்தின் மட்டமும் ஒவ்வொரு ஷட்டரின் நிலையும் சென்னையில் ஒரே திரையில் தெரியத் தொடங்கினால், முடிவும் சென்னைக்கே நகரும் சபலம் வரும். தெரிந்தவர் தீர்மானிக்கட்டும் என்பது நிர்வாக இயல்பு. மாநிலம் முழுதும் ஒரே நாளில் நூறு குளங்கள் நிரம்பும்போது, திரைக்கு முன் இருக்கும் இரண்டு மூன்று பேரின் கவனம்தான் புதிய நெருக்கடி. சைமன் சொன்ன பற்றாக்குறை அங்கே வந்து நிற்கும். மின்கம்பமும் கைபேசிக் கோபுரமும் சாய்ந்துவிட்டால் அந்தத் திரையிலும் ஒன்றும் தெரியாது. அதே கணிப்பை மதகடியில் நிற்பவரின் கைபேசிக்கு, தொடர்பு அறுவதற்கு முன்பே, ஊர்ப்பெயரோடும் அடிக்கணக்கோடும் அனுப்பி, திறக்கும் அதிகாரத்தையும் அவரிடமே விட்டால் விளைவு நேர்மாறாக இருக்கும். 2025 கரீஃப் பருவத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் தந்த பருவமழைக் கணிப்பை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. விதைப்பதா பொறுப்பதா என்பதை முடிவு செய்பவரும் செயல்படுத்துபவரும் அங்கே ஒருவரே. நடுவில் கோப்பு இல்லாத அமைப்பு அது.

காற்றாலைத் தொழிலில் நிலைமை வேறு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றை நம்பியிருக்கிறது. காற்று திடீரென்று விழுந்தால் மின்கட்டமைப்பே ஆடும். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் வகுத்த முறைப்படி, மாநிலங்களுக்கிடையே மின்சாரம் அனுப்பும் நிலையங்கள் ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உற்பத்தி என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். நாளுக்கு 16 முறை வரை திருத்திக்கொள்ள அந்த விதியில் இடமிருந்தது. மிக விலகினால் பணம் கட்ட வேண்டும். மாநில ஆணையங்களும் பின்னர் இதே பாணியில் விதிகள் செய்தன. இங்கே இயந்திரக் கற்றல் மாதிரிகள் சிக்கலின்றிப் பொருந்திக்கொண்டன. கணிப்பு வரும் வேகமும் முடிவெடுக்க வேண்டிய வேகமும் ஏற்கெனவே ஒத்திருந்தன. தவற்றின் விலை ரூபாயில் எழுதியிருந்தது. யார் திருத்த வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் நடத்தும் தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் முன்கணிப்புப் பணியில் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருப்பதும் உதவியது. வெள்ள நிர்வாகத்துக்கு இல்லாமல் காற்றாலைக்கு வாய்த்தது புத்திசாலி மென்பொருள் என்று சொல்வதற்கில்லை. தெளிவான கடிகாரமும் தெளிவான கணக்கும்தான் அதற்கு வாய்த்தன.

மத்தளம்பாறையின் கதை மூன்றாவது வகை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் ஸோஹோ ஆன நிறுவனம், 2011இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது. வெளி முதலீட்டாளர் இல்லாத தனியார் நிறுவனம் என்பதால் காலாண்டுக்கு ஒருமுறை பங்குச் சந்தைக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானி ஆனார். அதே ஆண்டு ஜூலையில் நிறுவனம் தன் சொந்த மொழி மாதிரிகளை 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளபுருக்கள் என்ற மூன்று அளவுகளில் அறிவித்தது. உலகப் போட்டியில் இவை சிறிய மாதிரிகள். வேலைக்குத் தேவையான அளவு போதும், வாடிக்கையாளரின் தரவு வெளியே போகக் கூடாது என்ற கணக்கில் எடுத்த முடிவு அது. அடுத்தவரின் பெரிய மாதிரியை வாடகைக்கு எடுத்தால் தொடக்கம் வேகமாக இருக்கும். விலையும் நிபந்தனையும் மாறும் நாளில் திசை மாற்றும் உரிமை மட்டும் கையில் இருக்காது.

மென்பொருள் துறையில் செயற்கை நுண்ணறிவு உண்மையில் வேகம் தருகிறதா என்பதற்குக் கிடைக்கும் சான்றுகள் முரண்படுகின்றன. அந்த முரணே பயனுள்ளது. வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்கள் 5,000க்கும் மேற்பட்டோரைப் பற்றி எரிக் பிரின்யோல்ஃப்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உதவிக் கருவியால் உற்பத்தித்திறன் சராசரியாக 14 விழுக்காடும், புதியவர்களிடம் 34 விழுக்காடும் கூடியது. தேர்ந்தவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு 2025இல், அனுபவமிக்க 16 நிரலாளர்களிடம் அவர்கள் நன்கறிந்த நிரல்களிலேயே 246 பணிகளைக் கொடுத்துச் சோதித்தது. கருவியோடு வேலை செய்தபோது அவர்கள் 19 விழுக்காடு அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். வேலை முடிந்த பிறகும், 20 விழுக்காடு வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள். கூகுளின் டோரா குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையோ செயற்கை நுண்ணறிவுப் பயன்பாடு 25 விழுக்காடு கூடும்போது மென்பொருள் வெளியீட்டின் நிலைத்தன்மை 7.2 விழுக்காடு குறைவதாக மதிப்பிட்டது. நிரல் எழுதுவது எளிதானதும் ஒவ்வொரு மாற்றமும் பெரிதாகிறது. பெரிய மாற்றத்தைச் சரிபார்க்க அதிக நேரம் ஆகிறது, உடைவதும் அதிகமாகிறது. சின்னச் சின்னதாக மாற்று, அடிக்கடி வெளியிடு என்ற ஸ்னோபேர்டு மரபுக்கு இது நேரெதிர். ஆற்றில் ஷட்டரிடம் நின்ற நெருக்கடி, மென்பொருளில் சரிபார்ப்பவரின் மேசையில் நிற்கிறது.

கவனிக்கப்படாமல் வளரும் இன்னொரு விளைவும் உண்டு. புதியவர்களை இந்தக் கருவி சீக்கிரம் தேர்ந்தவர்கள்போல் ஆக்குகிறது என்றால், தேர்ந்தவர்களின் அறிவுதான் அதற்குள் போயிருக்கிறது. அந்தத் தேர்ந்தவர்கள் ஓய்வு பெற்ற பிறகு, இதுவரை யாரும் காணாத நிலைமை வரும்போது கருவியைத் திருத்தச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பழைய வெள்ளக் குறிகளையும் 1992 நவம்பர் வெள்ளத்தில் எந்தக் கரை முதலில் போயிற்று என்பதையும் நினைவில் வைத்திருந்த களப்பணியாளர்கள் பலர் பணியில் இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது எந்தத் தரவுத்தளத்திலும் முழுமையாக ஏறவில்லை. மேலணை முதல் கீழ்க்குளம் வரை மணிக்கணக்கிலான நீர்மட்டப் பதிவு, பழுதான மழைமானிக்கு உடனடி மாற்று, மூன்று மாவட்டங்களும் பார்க்கக்கூடிய ஒரே ஏடு ஆகியவை மாதிரி வாங்குவதைவிட மலிவானவை. வெளிநாட்டு நிறுவனத்தின் இலவச வெள்ளக் கணிப்பு ஒரு நாள் நின்றுபோனாலும் மாநிலத்திடம் மிஞ்சப்போவது அந்தப் பதிவுதான். அடுத்து வரும் எந்த மாதிரிக்கும் தாமிரபரணியைக் கற்றுக்கொடுக்கப்போவதும் அதுதான்.